காலுக்குப் போனவரைக் காய்ச்சல் கொண்டுபோனது ஏன்?

2007 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வலப்பனை, ஹங்குரங்கெத்த பகுதிகளில் மலைகள் சரிந்தபோது, வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து நின்ற குடும்பங்கள் பல. அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறோம். மண் அள்ளிக்கொண்டு போன காணிக்குப் பதிலாக, உறவினர் கொடுத்த ஒரு துண்டு நிலத்தில் மறுபடியும் போஞ்சியும் கோவாவும் நட்டவர் அவர். சில வருடங்களின் பின், மழை நாளொன்றில் பாத்தியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. தூரத்திலுள்ள ஒரு பெரிய வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டு சென்றார்கள்.

முதல் நான்கு நாட்களும் நன்றாகத்தான் இருந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் இளைப்பு. பேச்சும் தடுமாறியது. பதினோராம் நாள் அவரை இழந்தோம். அடக்கம் முடிந்த மாலையில் அவருடைய மகள் எம்மிடம் கேட்ட கேள்வி இன்றும் எமது காதில் ஒலிக்கிறது: "சாமி, காலுக்குத்தானே கூட்டிட்டுப் போனோம்? காய்ச்சல் எங்க இருந்து வந்துச்சு?"

அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. ஆறுதல் மாத்திரமே சொன்னோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதபடியால் ஊர் தனக்குத் தெரிந்த பதில்களைத் தானே சொல்லிக்கொண்டது. சிலர் "எல்லாம் தலைவிதி" என்றார்கள். வேறு சிலர் "ஆஸ்பத்திரிக்குப் போனா உசிரோட திரும்ப மாட்டோம்" என்றார்கள். அந்தப் பேச்சை நம்பி, நெஞ்சு வலியோடு இருந்த இன்னொருவர் இரண்டு வாரங்கள் வீட்டிலேயே கிடந்தார். எனவேதான் இதைப் பற்றித் தெளிவாக எழுத வேண்டும் என்று எண்ணினோம்.

இந்த நோய் எது?

சுவாசப்பையில் கிருமி தொற்றி, காற்று நிரம்ப வேண்டிய நுண்ணிய அறைகளில் சளியும் நீரும் நிரம்புவதையே நியூமோனியா என்கிறோம். சாதாரணமாக இது வீட்டில் இருக்கும்போதே வருவது. ஆனால் வேறொரு நோய்க்காக வைத்தியசாலையில் சேர்ந்த ஒருவருக்கு, சேர்ந்து 48 மணித்தியாலங்களோ அதற்கு மேலோ கடந்த பின் இது தொடங்கினால், அதனை வைத்தியசாலையில் தொற்றிய நியூமோனியா என வைத்தியர்கள் தனியாக வகைப்படுத்துகிறார்கள். செயற்கைச் சுவாச இயந்திரத்தில் வைக்கப்பட்டவர்களுக்கு வருவது இதன் மிகக் கடுமையான வடிவம்.

இது எமது நாட்டு வைத்தியசாலைகளில் மாத்திரம் நிகழும் குறைபாடு என்று எவரும் எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு 100 நோயாளருள், செல்வந்த நாடுகளில் 7 பேரும் ஏனைய நாடுகளில் 15 பேரும், அங்கிருக்கும் காலத்தில் குறைந்தது ஒரு புதிய தொற்றையாவது பெறுகிறார்கள். அத்தொற்றுகளுள் அடிக்கடி காணப்படுவதும் அதிக உயிர்களைப் பறிப்பதுமான வகைகளுள் நியூமோனியாவும் ஒன்று.

கான் அடைபட்டால் மலை இறங்கும்

எமது வாசகர்களுக்கு மலையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கான்கள் திறந்திருக்கும் வரை எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஓடிவிடும். கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித் தேங்கும்; பிறகு சரிவு வரும். சுவாசப்பையும் இவ்வாறானதே. நாம் நடமாடுகிறோம், ஆழமாக மூச்சு விடுகிறோம், இருமுகிறோம். இவையே சுவாசப்பையின் கான்கள். தினமும் உள்ளே சேரும் சளியையும் கிருமியையும் இவை வெளியே தள்ளிக்கொண்டேயிருக்கின்றன.

படுக்கையில் மல்லாந்து கிடப்பவரின் நிலை என்ன? வலியினால் அவர் ஆழமாக மூச்சு விடுவதில்லை. வயிற்றிலோ நெஞ்சிலோ சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து இருமலை அடக்கிக்கொள்கிறார். வலி மருந்தும் தூக்க மருந்தும் அவரை மயக்கத்தில் வைத்திருக்கின்றன. இவ்வாறு சுவாசப்பையின் அடிப்பகுதி விரியாமல் போகிறது, சளி தேங்குகிறது. கான் அடைபட்டுவிட்டது.

கிருமி எங்கிருந்து வருகிறது?

அந்த மகளின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. கிருமி பெரும்பாலும் நோயாளியின் வாயிலிருந்தே வருகிறது. நல்ல உடல்நலமுள்ளவர்களுக்கும் தூங்கும்போது எச்சில் சிறிது மூச்சுக் குழாய்க்குள் இறங்குவதுண்டு. உடல் பலமாக இருக்கும்போது அதனால் தீங்கு வருவதில்லை. ஆனால் நோயுற்றுப் படுத்தவரின் வாயில் சில நாட்களுக்குள் கிருமிகளின் வகையே மாறிவிடுகிறது. பல் துலக்காமல் விட்டால் பற்களின் மேல் படியும் அழுக்கில் அவை பெருகுகின்றன. அந்த எச்சில் சுவாசப்பைக்குள் இறங்கும்போது நோய் தொடங்குகிறது.

இரண்டாவது வழி கை. ஒரு நோயாளியைத் தொட்ட கை கழுவப்படாமல் இன்னொருவரைத் தொடும்போது கிருமியும் சேர்ந்தே பயணம் செய்கிறது. 1847 இல் வியன்னா நகரின் பிரசவ விடுதியொன்றில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், வைத்தியர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டபோது தாய்மாரின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அன்று தெரிந்த இந்த உண்மை இன்றும் எல்லாக் கைகளாலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. இங்கு நாம் தாதியரின் கைகளை மாத்திரம் குறிப்பிடவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து, நேரே நோயாளியின் முகத்தைத் தடவும் எமது கைகளும் இதில் அடங்கும்.

மூன்றாவது வழியைச் சொல்ல எமக்கு மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். அது எமது அன்பு. அந்தப் பெரியவர் அரைத் தூக்கத்தில் மல்லாந்து கிடந்தபோது, "வெறும் வயித்தோட கிடக்கிறாரே" என்று மகள் கரண்டியால் கஞ்சி ஊட்டினார். நாமும் அருகிலேதான் நின்றோம். தடுக்கவில்லை, ஏனெனில் எமக்கும் தெரியாது. அவருக்கு நோய் வந்தது அதனாலேதான் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த மகள் மீது ஒரு சொல்லளவும் குற்றமில்லை. ஆனால் விழிப்பில்லாதவருக்குப் படுத்த நிலையில் ஊட்டும் கஞ்சியும் தேத்தண்ணியும் வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குப் போகக்கூடும் என்பதை இனிமேலாவது நாம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

வயது முதிர்ந்தவர்கள், பாரிசவாதம் வந்து விழுங்குவதில் சிரமப்படுபவர்கள், தொடை எலும்பு முறிந்து எழும்ப முடியாதவர்கள், நெஞ்சிலோ வயிற்றிலோ சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், நீரிழிவு, நாட்பட்ட சுவாச நோய் போன்றவை உள்ளவர்கள், புகைப்பவர்கள். இவர்களோடு, பல ஆண்டுகளாக விறகு அடுப்பின் புகையைச் சுவாசித்த எமது தாய்மாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புகை அவர்களுடைய சுவாசப்பையை ஏற்கெனவே பலவீனப்படுத்தியிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையிலும் மண்சரிவுகளிலும் இடம்பெயர்ந்து, நெரிசலான இடங்களில் குளிரோடும் ஈரத்தோடும் நாட்களைக் கழித்தவர்களும் இதனை மனதில் கொள்ள வேண்டும்.

சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்கள்

மலை சரியும் முன் அடையாளம் காட்டும் என்பதை நாம் கண்ணீர் விட்டுக் கற்றுக்கொண்டோம். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று. இவற்றைக் கண்டால் இன்று எவரும் காத்திருப்பதில்லை. இந்த நோய்க்கும் அடையாளங்கள் உண்டு:

1. சேர்ந்தபோது இல்லாத காய்ச்சல் அல்லது நடுக்கம்.
2. புதிதாகத் தொடங்கிய இருமல். மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும் சளி.
3. வேகமான மூச்சு. அமைதியாக இருக்கும் வளர்ந்தவர் ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுவார். அது 30ஐ எட்டினால் நிலைமை கடுமையானது.
4. மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி.
5. உதடு அல்லது நகம் நீலம் பாய்தல்.
6. வயதானவர்களிடம் திடீர்த் தடுமாற்றம், ஆளை அடையாளம் தெரியாமை, சாப்பாட்டை மறுத்தல், எந்நேரமும் தூக்கம்.

ஆறாவது அடையாளத்தைச் சிறப்பாகக் கவனியுங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் இந்நோய் வரலாம். "வயசு போயிருச்சு, பெனாத்துறாரு" என்று நாம் தள்ளிவிடும் பேச்சே முதல் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று தடுமாறுகிறார் என்பது வீட்டாருக்குத் தெரியும். முதன்முறை அவரைப் பார்க்கும் வைத்தியருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

அருகிலிருப்பவர் செய்யக்கூடியவை

வைத்தியரின் வேலையை நாம் செய்ய முடியாது. ஆயினும் கட்டிலருகே நிற்பவரால் ஆகக்கூடிய காரியங்கள் பல உண்டு. அவற்றுள் எதற்கும் பெரிய செலவில்லை.

*தலைப்பக்கத்தை உயர்த்துங்கள்.* ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் சுவாச இயந்திரத்தில் இருந்த 86 நோயாளரிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1999 இல் வெளியாயிற்று. தட்டையாகப் படுக்க வைக்கப்பட்டவர்களுள் 100க்கு 34 பேருக்கு நியூமோனியா எனச் சந்தேகிக்கப்பட்டது. தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்த நிலையில் வைக்கப்பட்டவர்களுள் 100க்கு 8 பேருக்கே அவ்வாறு இருந்தது. ஆயினும் முதுகெலும்பு, இடுப்பு முறிவுகள் உள்ளவர்களை எமது விருப்பப்படி நிமிர்த்தக் கூடாது. தாதியிடம் கேட்ட பின்னரே கட்டிலை உயர்த்த வேண்டும்.

*வாயைச் சுத்தமாக வைத்திருங்கள்.* ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2002 இல் வெளியாயிற்று. உணவுக்குப் பின் ஒழுங்காகப் பல் துலக்கிவிடப்பட்டவர்களுள் 100க்கு 11 பேருக்கும், அவ்வாறு செய்யப்படாதவர்களுள் 100க்கு 19 பேருக்கும் நியூமோனியா வந்தது. ஆகவே வைத்தியசாலைக்குக் கட்டும் பையில் முதலில் வைக்க வேண்டியது பல் தூரிகையும் பற்பசையும். காலையும் இரவும் துலக்குங்கள். பொய்ப்பல் உள்ளவர்கள் இரவில் அதைக் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். விழுங்க முடியாதவருக்கும் மயக்கத்தில் இருப்பவருக்கும் வாயில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். எப்படிச் சுத்தம் செய்வது என்று தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்டுங்கள்.* நன்றாக விழித்திருக்கும்போது மாத்திரம், சிறு சிறு வாயாக, அவசரமின்றி ஊட்டுங்கள். சாப்பிட்ட பின் அரை மணித்தியாலமாவது சாய்ந்தே இருக்கட்டும். ஊட்டும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ உடனே நிறுத்தித் தாதியிடம் சொல்லுங்கள். குழாய் மூலம் உணவு கொடுக்கப்படுபவருக்கு வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. சத்திரசிகிச்சைக்கு முன் "ஒண்டும் குடுக்க வேணாம்" என்று சொல்லியிருந்தால், நோயாளி எவ்வளவு கெஞ்சினாலும் ஒளித்துத் தேத்தண்ணி கொடுக்காதீர்கள். மயக்க மருந்து ஏறும்போது அது வயிற்றிலிருந்து மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கிவிடும்.

*மூச்சுப் பயிற்சி செய்விக்க மறவாதீர்கள்.* விழித்திருக்கும்போது மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பத்து ஆழ்ந்த மூச்சு. தையல் உள்ளவர் தலையணையொன்றைத் தையலின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமலாம், வலி குறையும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018 இல் வெளியான ஆய்வொன்றில், வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு முன் ஒரேயொரு தடவை இப்பயிற்சி கற்பிக்கப்பட்டவர்களிடம் சுவாசப்பைச் சிக்கல்கள் பாதியாகக் குறைந்தன. அவர்கள் பெற்றது அரை மணித்தியாலப் பாடம் மாத்திரமே.

*எழுப்பி நடமாட வையுங்கள்.* "பாவம், படுத்திருக்கட்டும்" என்பது எமது வழக்கம். வைத்தியர் அனுமதித்த நாளே கதிரையில் உட்கார வையுங்கள். பிறகு மெல்ல நடக்க வையுங்கள். வலி தாங்க முடியாமல் இருந்தால் சகித்துக்கொண்டு கிடக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வலி குறைந்தால்தான் மூச்சு ஆழமாகும்.

*கை கழுவுங்கள்; கூட்டம் சேராதீர்கள்.* நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். தடிமலோ இருமலோ உள்ளவர் பார்க்கப் போகாமல் இருப்பதே அவர் காட்டும் அன்பு. போயே ஆக வேண்டுமானால் முகக்கவசம் அணிந்து செல்லட்டும்.

ஒரே மருந்தை அடித்தால் பூச்சி சாகுமா?

நோய் வந்துவிட்டது எனத் தெரிந்தால் எக்ஸ்-றே எடுப்பார்கள். இரத்தமும் சளியும் பரிசோதிப்பார்கள். ஒட்சிசனும் அன்டிபயோடிக் மருந்தும் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரமளவு ஊசி மூலம் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டில் வரும் நியூமோனியாவைவிட இது கடினமாவது ஏன்?

கோவாவுக்கு மருந்து அடிக்கும் எமது விவசாயிகளுக்கு இது புரியும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் முதல் வருடம் பூச்சி சாகும். பின்னர் அந்த மருந்துக்குத் தப்பிய பூச்சியே பெருகும். வைத்தியசாலைகளில் பலவகை அன்டிபயோடிக் மருந்துகள் ஓயாமல் பாவிக்கப்படுவதால், அவற்றுக்குத் தப்பிய கிருமிகளே அங்கு வேரூன்றுகின்றன. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம், மருந்துக்கு அடங்காத பக்ரீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என மதிப்பிடப்பட்டிருக்கிறது.

இதில் எமக்கும் பங்குண்டு. துண்டில்லாமல் பாமசியில் வாங்கும் கப்சியூல், பாதியில் நிறுத்தி அலுமாரியில் வைத்த மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் மீதம் கொடுத்த குளிசை ஆகியவை அனைத்தும் பாதி அளவில் அடித்த பூச்சி மருந்தைப் போன்றவை. வைத்தியர் சொன்ன நாட்கள் வரை குடித்து முடியுங்கள், சொல்லாததைத் தொடாதீர்கள்.

சொல்ல மொழி வேண்டும்

எமது மக்களுக்கு இன்னுமொரு தடை உண்டு. வாட்டில் தமிழ் தெரிந்தவர் எப்போதும் இருப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு முட்டும்போது எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விடியும் வரை காத்திருந்தவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். சுவாச நோயில் அந்த நான்கு மணித்தியாலங்கள் பெரியவை. மூன்று சிங்கள வாக்கியங்களையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ஹுஸ்ம கன்ன அமாருயி" என்றால் மூச்சு விடக் கஷ்டம். "உண தியெனவா" என்றால் காய்ச்சல் இருக்கிறது. "செம கஹ பாட்டயி" என்றால் சளி மஞ்சளாக இருக்கிறது. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று என்பதால் எமது மொழியில் சேவை கேட்பது உரிமை. அந்த உரிமை கைக்கு வரும் வரை உயிர் காத்திருக்காது என்பதனாலேயே இதையும் சொல்கிறோம்.

பணிவோடு, ஆனால் பயமில்லாமல் கேளுங்கள். "மிஸ், கட்டில உயர்த்தலாமா?" "டொக்டர், அப்பாவ எப்ப எழுப்பி உக்கார வைக்கலாம்?" நாம் சந்தித்த தாதியர் பலரும் இவ்வாறு கேட்பவரை விரும்புகிறார்கள். அவர்களும் ஒரே நேரத்தில் பல கட்டில்களைப் பார்க்க வேண்டியவர்கள். அக்கறையுள்ள ஒரு கை உதவிக்கு வந்தால் அவர்களுக்கும் நல்லதே.

வீடு திரும்பிய பின்

வைத்தியசாலையில் பிடித்த தொற்று வீட்டுக்கு வந்த பின்னும் வெளிப்படலாம். வந்த சில நாட்களுக்குள் காய்ச்சலோ இளைப்போ தடுமாற்றமோ கண்டால் கஷாயத்தோடு நிறுத்திவிடாமல், வைத்தியசாலையில் தந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு திரும்பிச் செல்லுங்கள். மூச்சு முட்டினால் 1990 இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. நோயாளியை அடுப்புப் புகை படாத இடத்தில் படுக்க வையுங்கள்.

இறுதியாக

வைத்தியசாலை ஆபத்தான இடம், ஆகவே போக வேண்டாம் என்பது இக்கட்டுரையின் முடிவல்ல. முறிந்த தொடையோடு வீட்டில் படுத்திருப்பவருக்கும் இதே நியூமோனியா வரும். அங்கே ஒட்சிசனும் இல்லை, ஊசியும் இல்லை. ஆபத்து இருக்கிறது என்பதனால் மலையை விட்டு ஓடாமல், கானை வெட்டித் திறந்து வைத்து வாழப் பழகியவர்கள் நாம். வைத்தியசாலைக்குப் போகும்போதும் அந்த அறிவையே கொண்டு செல்ல வேண்டும்.

எமது ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. ஒருவர் இறந்தால் காசு சேர்த்து, கூடாரம் கட்டி, இரவெல்லாம் விழித்திருக்கிறோம். அதே சங்கம், ஒருவர் வைத்தியசாலையில் சேர்ந்த அன்றே கூடலாகாதா? இன்று யார் போவது, நாளை யார் போவது என்று முறை வைத்து, கை கழுவவும் பல் துலக்கிவிடவும் மூச்சுப் பயிற்சி செய்விக்கவும் தெரிந்த ஒருவரை அனுப்பலாம் அல்லவா? அந்த மகளின் கேள்விக்கு நாம் இப்போது பதில் சொல்லிவிட்டோம். அடுத்த வீட்டில் அந்தக் கேள்வி எழாமல் பார்ப்பது எம் எல்லோருடைய பொறுப்பு.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது ஊரில் வைத்தியசாலைக்குப் போகப் பயப்படுபவர்கள் யார்? அவர்களுடைய பயத்துக்குக் காரணம் என்ன?
2. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் என்ன கொண்டு போகிறோம்? இனி என்ன கொண்டு போக வேண்டும்?
3. வைத்தியசாலையில் துணைக்கு நிற்க, முறை வைத்து அனுப்பும் ஏற்பாட்டை எமது சங்கத்தில் எப்போது தொடங்கலாம்? முதல் பெயர் யாருடையது?